ரோஸ் சீட்டு நகர்ந்த வழி

எங்கள் தெருவைப் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலைகூடக் காயாமல், தென்காசியில் இறங்கி, தெருவின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கல் பாவிய தரை. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கடைகள். கடைகளுக்கு மேலே ஆபீஸ்கள். நடுவில் வேப்பங்கன்றுகள், பெஞ்சுகள். வண்டி உள்ளே நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில் நாற்றம் தெரியாது என்பதால் அவர்கள் ஊருக்குப் போய்ப் பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

அந்தத் தெருவில் ஒன்பதாம் நம்பர் கடை என்னுடையது. ஜெராக்ஸ் கடை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கடைக்கு வருகிறவர்களிடமும் "எத்தனை காப்பி", "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா" என்பதற்கு மேல் என் பேச்சு வளராது. இந்தத் தெருவில் ஒரு கழிப்பறைகூட இல்லை. இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

தனி மாவட்டமான பிறகு தென்காசியில் ஆபீஸ்கள் பெருகின. ஒன்று வாடகை வீட்டில் இருக்கும், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும். ஆலங்குளத்திலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் ஒரு கையெழுத்துக்கு வருகிறவர்கள் நாள் முழுக்க ஆட்டோவில் சுற்றுவார்கள். என் பழைய கடை மெயின் ரோட்டில் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓடி வருவார்கள். அதனால், பல ஆபீஸ்களை ஒரே தெருவில் சேர்த்து, கீழே கடைகள் வைத்து, ஜனங்கள் நடந்தே எல்லா வேலையையும் முடிக்கும்படி செய்யப்போகிறோம் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பழைய கடைகளை ரோடு அகலப்படுத்த இடித்துவிட்டு, பதிலுக்குப் புதுத் தெருவில் குலுக்கல் போட்டுக் கடை கொடுத்தார்கள். எந்த ஆபீஸ், யார் அதிகாரி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நாளைக்கும் நான் அவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எப்படிப் பகலைக் கழிக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. காலையில் அரை டம்ளர் காப்பி. அதற்குப் பிறகு வீடு திரும்பும்வரை ஒன்றும் குடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டில் ரசத்தைத் தொடுவதில்லை. பதினைந்து வருடமாக இப்படித்தான். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு படுத்தேன். டாக்டரம்மா, "தண்ணி குடிக்கதுக்குக்கூடவா உங்களுக்குச் சோம்பேறித்தனம்?" என்று ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். என் கணவர் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார். அவரிடம் சொன்னால் சிரிப்பார். "எங்களுக்கு என்னட்டி? புளியறையில செக்போஸ்ட்ல வண்டி நின்னா டயரு மறைவு போதும்" என்பார். அவர் சிரிக்கும்போது எனக்கு அவர் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

தெருவுக்கு வரைபடம் போட்டவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். சீசன் நேரத்தில் வந்து குற்றாலத்தில் தங்கியிருந்தார். கடைக்காரர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்தார். சாப்பாட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் பெரிய வரைபடத்தை விரித்திருந்தார். தெரு, கடைகள், ஆபீஸ்கள் எல்லாம் அதில் கோடாக இருந்தன. கையில் ஒட்டும் சீட்டுகள் வைத்திருந்தார். பச்சைச் சீட்டு மரத்துக்கு, மஞ்சள் பெஞ்சுக்கு, நீலம் தண்ணீர்க் குழாய்க்கு, ரோஸ் கழிப்பறைக்கு.

"இது உங்க தெரு. நீங்கதான் நடக்கப்போறீங்க. எது எங்க இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் சும்மா ஒரு ஆரம்பத்துக்கு ஒட்டி வச்சிருக்கேன். பிடிக்கலன்னா எடுத்து வேற இடத்துல ஒட்டுங்க. ஒரு வாரம் மேப் இங்கயேதான் இருக்கும்" என்றார்.

"தம்பி, காத்தடிச்சா சீட்டு பறந்துராதா? இது தென்காசியாக்கும்" என்றார் சிப்ஸ் கடை அண்ணாச்சி. அவருக்குப் பத்தாம் நம்பர் கடை. என் பக்கத்துக் கடை. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தார். "ஜன்னலச் சாத்திருவோம் சார்" என்றார்.

ரோஸ் சீட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவர் ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். என் கடைக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி.

பதினைந்து வருடமாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நான்தான். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அந்தச் சீட்டைக் கும்பிட்டு வரவேற்றிருக்க வேண்டியவள் நான்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைதான். வாசலிலேயே தேங்கி நிற்கும் தண்ணீர், பொங்கி வழிந்த குழி, தாழ்ப்பாள் இல்லாத கதவு. அது என் சுவரை ஒட்டி வந்தால் யார் என் கடைக்கு வருவார்கள்? கழிப்பறை வரட்டும். பக்கத்தில் எங்கேயாவது வரட்டும். என் பக்கத்தில் வேண்டாம்.

கையைத் தூக்கி இதைச் சொல்லத் தைரியம் இல்லை. எல்லாரும் வடை சாப்பிடப் போன நேரத்தில் மேஜைக்குப் பக்கத்தில் போய், நகத்தால் சீட்டைக் கிள்ளி எடுத்து, பதினொன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். வரும்போது எனக்கும் ஒரு வடை கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

அடுத்த நாள் எதையோ சாக்காக வைத்து மண்டபத்துக்குப் போனேன். ரோஸ் சீட்டு பதினொன்றில் இல்லை. எதிர்வரிசையில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மருந்துக் கடையிலிருந்து கிளம்பி, நோட்டுப் புத்தகக் கடைக்கு வந்திருந்தது. அந்தக் கடைக்காரர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஈசானிய மூலைல கொண்டுவந்து கக்கூஸ வச்சிருக்கான் பாருங்க. தெரு வெளங்குமா?" அவரே சீட்டைப் பிய்த்து, தெருவின் தென்முனைக்கு நகர்த்தினார். தென்முனையில் கடை வைத்திருந்தவர் சும்மா இருப்பாரா? மஞ்சள் சீட்டும் பச்சைச் சீட்டும் எல்லாக் கடை வாசலிலும் கொத்துக் கொத்தாக முளைத்தன. ரோஸ் சீட்டு மட்டும் வாசல் வாசலாக விரட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. கழிப்பறை வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் வேண்டும், அடுத்தவன் வாசலில் வேண்டும்.

ஏழாம் நாள் நான் போனபோது அந்தச் சீட்டில் பசையே இல்லை. அத்தனை விரல் பட்டு அழுக்காகி, ஓரம் சுருண்டு, வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே, வெறும் மேஜையில் கிடந்தது. எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டியிருக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தது. வந்துவிட்டேன்.

கடைசியாக வந்த வரைபடத்தில், கழிப்பறை என்ற இடத்தில், பஸ் ஸ்டாண்டில் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அதையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

தெரு திறந்தது. மாலை, மேளம், பேச்சு. ஒரு மாதம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் கடைக்கும் எட்டாம் நம்பருக்கும் நடுவில் உள்ள சந்துக்கு ஆண்கள் ஒவ்வொருவராக ஒதுங்கத் தொடங்கினார்கள். வரைபடத்தில் அதற்கு இணைப்பு நடைபாதை என்று பெயர். பின் தெருவிலிருந்து ஜனங்கள் நடந்து வருவதற்காக விட்ட வழி. இப்போது தென்காசியில் யாரைக் கேட்டாலும் மூத்திரச் சந்து எது என்று காட்டுவார்கள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், பேன்ட் போட்டவர்கள், மேலே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், செல்போனில் பேசிக்கொண்டே போகிறவர்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்துவிட்டால் ஒரு கூச்சமும் இருக்காது. சிலர் அதே கையை நீட்டி, "ரெண்டு காப்பி" என்று ஆதார் கார்டைத் தருவார்கள். அதை நான் வாங்குகிறேன்.

அண்ணாச்சி சந்துச் சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டினார். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, பிறைநிலா, எல்லாம் வரிசையாக. கொஞ்ச நாள் பயந்தார்கள். அப்புறம் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் சாமி இல்லாத இடமாகப் பார்த்துப் போனார்கள். ஆனி பிறந்ததும் சாரல் வந்தது. சாரல் மேற்கேயிருந்து அடிக்கும். சந்தும் மேற்கே பார்த்துத் திறந்திருந்தது. அதில் கிடந்ததெல்லாம் சாரல் தண்ணீரோடு சேர்ந்து என் கடைப் படிக்கு வந்தது. ஒரு பக்கம் அந்த நாற்றம், இன்னொரு பக்கம் அண்ணாச்சியின் சட்டியில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வேகும் வாசனை. இரண்டும் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் என்னால் நேந்திரங்காய் சிப்ஸ் தின்ன முடியாது.

இதெல்லாம் ஆண்களைப் பற்றியது. நாற்றமாவது வெளியே தெரிகிறது. பெண்களுடைய பாடு வெளியே தெரியவில்லை.

மனு வாங்கும் நாள் அது. தெரு நிறைய ஆட்கள். ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பட்டா விஷயம். காலையிலேயே என்னிடம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர், மத்தியானம் இறங்கி வந்தார். சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுவார்களாம். என் கடைக்குள் தலையை நீட்டி, மெதுவாகக் கேட்டார்.

"எம்மா, இங்கன பாத்ரூம் எங்கன இருக்கு?"

"பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கு."

"அவ்வளவு தூரத்துலயா? நான் சுகர்காரி. இங்கன ஒண்ணும் கிடையாதா?"

"இல்லக்கா."

"மாடில?"

"அது ஆபீஸ்காரங்களுக்கு. பூட்டிருப்பாங்க."

என் முகத்தையே பார்த்தார். நான் மிஷினைப் பார்த்தேன். அவர் போய், என் கடைக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாலடி நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். காலை இறுக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை, அழவில்லை. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். அப்போது சாரல் வலுத்தது. தெருவில் நின்றவர்கள் எல்லாம் தலையில் கையை வைத்துக்கொண்டு கடை ஓரங்களுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் பட்டா காகிதம் இருந்த பையைப் பெஞ்சின் மறுமுனைக்கு அடியில் தள்ளிவிட்டு, எழுந்து, தெரு நடுவில் போய் நின்றார். முகத்தை மேலே தூக்கி, கைகளைத் தொங்கவிட்டு, சேலை முழுவதும் ஒரே ஈரமாக ஆகும்வரை நின்றார்.

"ஏ பொம்பள, உனக்கு என்ன கிறுக்கா? குத்தாலத்துக்குப் போயி நில்லு" என்று யாரோ கத்தினான். சிரித்தார்கள்.

அவர் ஏன் நின்றார் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கடைக்குள் கூப்பிட்டிருக்கலாம். நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் நனைந்த சேலையோடு பையை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் கூப்பிடும்வரை இருக்காமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போனார். பிறகு அண்ணாச்சி வந்து பெஞ்சை முகர்ந்துவிட்டு, "எவன்லே பெஞ்ச நாறடிச்சது?" என்று ஒரு வாளி பினாயில் தண்ணீரை ஊற்றினார்.

அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு சந்து நாற்றத்தால் வந்தது இல்லை. அந்தக் கூட்டத்தின் சிரிப்பு, மாடியில் தொங்கும் பூட்டு, வெண்ணெய்க் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும் அந்தக் கல் தரை, எல்லாவற்றையும் விட என் நகம். சீட்டைக் கிள்ளி எடுத்த அந்த நகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, தெரு வேலையைப் பார்த்துக்கொள்ளும் பெண் இன்ஜினியரிடம் போனேன். சின்ன வயசு. அவரிடம் நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். ஒன்பதாம் கடையை ஒட்டிப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று. படித்துவிட்டு அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை.

"யக்கா, நானே மத்தியானம் பெர்மிஷன் போட்டு வீட்டுக்குப் போயிட்டு வாறேன். மாடில ஒண்ணுதான். சாவி சார்கிட்ட இருக்கு. அவருகிட்டப் போயி எப்படிக் கேக்க?" என்றார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். "இடம் இல்ல. சந்த அடைக்க முடியாது, அது வழி. பத்தாம் கடைக்கு முன்னால கொஞ்சம் எடம் கிடக்கு. அந்தக் கடைக்காரர் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தா அனுப்பிப் பாக்கலாம்."

அண்ணாச்சியிடம் போனேன். அவர் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கரண்டியை வைத்தார்.

"தங்கச்சி, திங்கிற சாமான் விக்கிற எடம். வாசல்ல கக்கூஸக் கட்டிட்டு நான் சிப்ஸ யாருக்கு விக்க? சந்துல இருக்கவனுக்கா?"

"இப்பவும் நாறத்தானே செய்யுது அண்ணாச்சி."

"இப்ப நாறுதது ஊரு நாத்தம். அது வந்தா என் கடை நாத்தம்னு சொல்லுவான்."

வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "அண்ணாச்சி, மண்டபத்துல அந்த ரோஸ் சீட்ட மொதல்ல நகத்துனது நான்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குத் தெரியாதாக்கும்? வடைய வாங்கிட்டுத் திரும்புதேன், உன் கடைகிட்ட இருந்தது என் கடைய தாண்டிப் போயிருக்கு. காலு மொளச்சா போச்சு? பின்ன நான் அத எடுத்து எதுத்தாப்ல ஒட்டுனேன். ஏதோ என் வாசல்ல வைக்காம தாண்டி வச்சியேன்னு உன் மேல ஒரு மரியாத. இப்ப வந்து வாசல்லயே கேக்க" என்றார். ஒரு பொட்டலம் சிப்ஸ் மடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

திரும்ப இன்ஜினியரிடம் போய், என் கடையின் பின்பக்கத்திலிருந்து நாலடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பன்னிரண்டு அடிக் கடை அது. "எழுதிக் குடுத்துட்டா திரும்பக் கேக்க முடியாதுக்கா" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் கணவர் அந்த வாரம் வந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நம்ம ஆளுகள்லாம் கேட்டா என்ன சொல்லுவாங்க? யாரு கழுவுவா அத? நீ கழுவுவியா?" என்றார். இந்தக் கேள்விதான் எல்லாருடைய மனசிலும் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்றத்தை விட இதற்குத்தான் எல்லாரும் பயந்திருக்கிறார்கள். "கழுவுதேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

உத்தரவு வந்தது. கொத்தனார் வந்து, கடைக்குள் நாலடிக்குக் கோடு போட்டு, குறுக்குச் சுவர் எழுப்பினார். மிஷினை முன்னால் இழுத்துப் போட்டேன். இப்போது நான் நின்றால் முதுகு சுவரில் உரசும். அதற்குப் பிறகு தண்ணீர் இணைப்புக்கு ஒரு ஆபீஸ், கழிவுக் குழாய்க்கு ஒரு ஆபீஸ் என்று காகிதம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன, நடந்தே போகலாம்.

கக்கூஸ் பீங்கான் மட்டும் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது. கதவு இன்னும் போடாத பின்பக்கத்தில் வைத்தால் களவு போய்விடும் என்று கொத்தனார் அதைக் கடையின் முன்பக்கம், கவுன்ட்டருக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதமாகிறது. வைக்கோல் சுற்றிய புதுப் பீங்கான். ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. இந்தத் தெருவில் அதைவிடச் சுத்தமான பொருள் ஒன்று இல்லை. ஆனால் சந்துக்குப் போய்விட்டு வருகிற ஆள், அதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்து, "என்ன கருமத்த கடைக்குள்ள வச்சிருக்க?" என்கிறான். சிலர் ஜெராக்ஸ் எடுக்காமல் திரும்பிப் போகிறார்கள்.

முந்தாநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். காப்பி எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றாள். அந்தப் பீங்கானைக் கண்ணால் காட்டி, "யக்கா, இது எங்கன வைக்கப் போறாங்க?" என்றாள்.

"இங்கனதான். பின்னால."

"எப்ப?"

"தண்ணி கனெக்‌ஷன் வந்ததும்."

"அது எப்ப வரும்?"

தெரியாது என்றேன். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அந்தப் பீங்கானை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேகமாக நடந்தாள்.